ஆற அமர ரசிக்க: பழைய பாணி வடிவமைப்பு, நிதானமான பொழுதுபோக்குகள், இணையப் புதையல்கள் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய டைப்ரைட்டர், புள்ளி புள்ளியாகத் தெரியும் ஐகான், வெயிலில் அச்சாகும் நீலப் படம், இணையத்தின் ஏதோ ஒரு மூலையில் கிடக்கும் பழ ஓவியங்கள். இவற்றில் மனம் போகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறேன். சில கேள்விகளுக்கு நாலு வரி போதும். சிலவற்றில் கொஞ்சம் நின்று பேச வேண்டியிருக்கிறது.

பழைய வடிவமைப்பு ஏன் இன்னும் கண்ணை இழுக்கிறது? வெறும் ஏக்கம்தானா?

ஏக்கத்துக்கு அதில் ஒரு பங்கு உண்டு. ஆனால் 1984-இல் வந்த முதல் மேக்கின்டாஷ் கணினியைத் தொட்டே பார்க்காத இளைஞர்களுக்கும் அதன் ஐகான்கள் பிடிக்கின்றனவே, அவர்கள் எதை நினைத்து ஏங்குவார்கள்?

பழைய அழகில் பெரும்பகுதி ஏதோ ஒரு தட்டுப்பாட்டில் பிறந்தது என்பது என் எண்ணம். அந்த ஐகான்களை வரைந்த சூசன் கேருக்குக் கிடைத்த இடம் அகலத்தில் 32 கட்டம், உயரத்தில் 32 கட்டம். மொத்தம் 1,024 கட்டங்கள். நிறம் கிடையாது, சாம்பல்கூடக் கிடையாது. ஒரு கட்டம் கறுப்பாக இருக்கும், இல்லையென்றால் வெள்ளையாக இருக்கும். அவர் கட்டம் போட்ட தாளில் வரைந்து பார்த்தார். குப்பைத்தொட்டி குப்பைத்தொட்டியாகத் தெரிய எத்தனை கோடு போதும் என்று யோசித்து, அதற்கு மேல் உள்ளதையெல்லாம் விட்டுவிட வேண்டிய வேலை அது. அப்படி வடிகட்டி நின்றது மட்டும் திரையில் தெரிகிறது. அதனால்தான் நாற்பது வருடம் கழித்தும் பழசாகத் தோன்றவில்லை.

இன்னொரு உதாரணம், பிரவுன் நிறுவனம் 1956-இல் வெளியிட்ட எஸ்கே 4 ரேடியோ-ரெக்கார்டு பிளேயர். ஹான்ஸ் குகெலோட்டும் டீட்டர் ராம்ஸும் வடிவமைத்தது. முதலில் மூடியை உலோகத்தில் செய்து பார்த்தார்கள். சத்தத்தைக் கூட்டினால் மூடி அதிர்ந்தது. அதற்குப் பதிலாக ஒளி ஊடுருவும் அக்ரிலிக் மூடியைப் போட்டார்கள். ‘ஸ்னோ ஒயிட்டின் சவப்பெட்டி’ என்று அதற்குப் பட்டப்பெயர் வந்தது. பின்னாளில் வந்த எத்தனையோ ரெக்கார்டு பிளேயர்களுக்கு அந்த ஒளி ஊடுருவும் மூடியே அடையாளமாகிவிட்டது. அதிர்வை நிறுத்தப் போட்ட மூடி அது!

ஒரு பொருளோ படமோ எந்தக் காலத்துப் பாணி என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

அந்தக் காலத்தில் எது முடியாமல் இருந்தது என்று பாருங்கள். வருடங்களை மனப்பாடம் செய்வதைவிட இது எளிது.

1960-களின் கடைசியில் ஏபிஎஸ் என்ற உறுதியான பிளாஸ்டிக் பளிச்சென்ற நிறங்களோடு வீட்டுக்குள் வந்தது. 1969-இல் எத்தோரே சொட்சாஸும் பெரி கிங்கும் ஒலிவெட்டி நிறுவனத்துக்காக வடிவமைத்த சிவப்பு ‘வாலன்டைன்’ டைப்ரைட்டர் அதற்கு நல்ல அடையாளம். அலுவலக மேசைக்கே உரிய சாம்பல் நிறத்தை விட்டு, கையில் தூக்கிக்கொண்டு போகும் பளிச்சென்ற பெட்டியாக வந்த பொருள் அது.

1990-களின் இணையப் பக்கங்கள் என்றால் வேறு கதை. பல கணினித் திரைகள் ஒரே நேரத்தில் 256 நிறங்களைத்தான் காட்டின. எல்லா இயந்திரத்திலும் ஒரே மாதிரி வரும் என்று நம்பக்கூடியவை 216. சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றிலும் ஆறு படி வைத்தால் 6 × 6 × 6, அதுதான் 216. கம்ப்யூசர்வ் நிறுவனம் 1987-இல் கொண்டுவந்த ஜிஃப் (GIF) என்ற பட வகையிலும் 256 நிறம்தான் எல்லை. இணைய இணைப்புக் கருவியான மோடம் மெதுவாக இருந்ததால் பெரிய பின்னணிப் படம் போட முடியாது. ஒரு சின்னப் படத்தையே ஓடு பதித்த மாதிரி பக்கம் முழுக்க அடுக்கினார்கள். அந்தக் காலப் பக்கங்களில் நட்சத்திர வானமும் பளிங்குத் தரையும் திரும்பத் திரும்ப வருவதற்கு இதுதான் காரணம்.

எதையும் வாங்காமல் தொடங்க முடியுமா?

தாராளமாக. பிக்சல் ஓவியத்தில், அதாவது கட்டம் கட்டமாக நிரப்பி வரையும் ஓவியத்தில் தொடங்குங்கள். கட்டம் போட்ட நோட்டும் பென்சிலும் போதும். 16-க்கு 16 கட்டத்தில் ஒரு குடையை வரையுங்கள். பிறகு அதையே 8-க்கு 8-இல் வரையுங்கள். இரண்டாவது படத்தில்தான் விஷயம் பிடிபடும். கைப்பிடியின் வளைவுக்கு இரண்டு கட்டமா, மூன்றா என்பதே பெரிய முடிவாகிவிடும்.

கணினியில் வரைவதாக இருந்தால் நிறங்களை நீங்களே கட்டுப்படுத்திக்கொள்ளுங்கள். 1989-இல் வந்த கேம் பாய் என்ற கையடக்க விளையாட்டுக் கருவியின் திரையில் 160-க்கு 144 புள்ளிகள், நாலே நாலு சாயல். அந்த நாலில் ஒரு நிலவு இரவை வரைந்து பாருங்கள். பிகோ-8 என்று ஒரு கற்பனைக் கேம் இயந்திரம் இருக்கிறது. நிஜத்தில் அப்படி ஒரு பெட்டி கிடையாது, மென்பொருள் மட்டும்தான். 128-க்கு 128 புள்ளி, 16 நிறம் என்ற எல்லையை வேண்டுமென்றே வைத்திருக்கிறார்கள். அந்த எல்லைக்குள் மக்கள் செய்திருக்கும் குட்டி விளையாட்டுகளைப் பார்த்தால் நமக்கும் கை துறுதுறுக்கும்.

பிக்சல் ஓவியத்தை அப்படியே குறுக்குத் தையலாகப் போடலாம். ஒரு புள்ளிக்கு ஒரு தையல். இரண்டுமே கட்டக் கலைகள் என்பதால் வடிவத்தை மாற்றி எழுத வேண்டிய வேலையே இல்லை.

கையும் மனமும் சேர்ந்து நிதானமாகச் செய்ய ஒரே ஒரு பொழுதுபோக்கைச் சொல்லச் சொன்னால்?

சயனோடைப். தயங்காமல் சொல்வேன்.

கேமராவே இல்லாமல் செய்யக்கூடிய புகைப்படம் இது. ஜான் ஹெர்ஷல் 1842-இல் கண்டுபிடித்தார். அடுத்த ஆண்டே அன்னா அட்கின்ஸ் என்ற தாவரவியலாளர் கடற்பாசிகளை நேரடியாகத் தாளின் மேல் வைத்து இந்த முறையில் பதிவுசெய்யத் தொடங்கினார். ஆழ்ந்த நீலத்தில் வெள்ளை நிழலாகப் படிந்த அந்தப் பாசிகளை இணையத்தில் தேடிப் பாருங்கள். ஒரு நரம்பிழைகூடத் தப்பவில்லை.

செய்முறை இதுதான். ஃபெரிக் அம்மோனியம் சிட்ரேட், பொட்டாசியம் ஃபெரிசயனைடு என்ற இரண்டு உப்புகளைத் தனித்தனியாகத் தண்ணீரில் கரைத்து, பூசுவதற்கு முன் சம அளவில் கலக்க வேண்டும். மங்கலான வெளிச்சத்தில் தாளில் தூரிகையால் பூசி, இருட்டில் உலர விட வேண்டும். உலர்ந்த தாளின் மேல் ஒரு இலை, அதன் மேல் ஒரு கண்ணாடி, பிறகு வெயில். புற ஊதாக் கதிர் பட்ட இடத்தில் இரும்பு உப்பு மாற்றமடைந்து பிரஷ்யன் நீலமாகிறது. இலை மறைத்த இடம் மாறாமல் அப்படியே இருக்கும். தாளைத் தண்ணீரில் அலசினால் மாறாத உப்பு கரைந்து போய்விடும், வெள்ளை நிழல் மிஞ்சும். கட்டிட வரைபடங்கள் பல காலம் நீலத்தாளில் வந்ததும் இதே வேதியியலால்தான்.

எவ்வளவு நேரம் வெயிலில் வைப்பது என்று எல்லோரும் கேட்பார்கள். வெயிலின் உக்கிரத்தைப் பொறுத்து சில நிமிடத்திலிருந்து அரை மணி வரை ஆகலாம். கடிகாரத்தைவிடத் தாளின் நிறத்தை நம்புங்கள். பச்சை கலந்த மஞ்சள் மெல்ல நீலமாகி, பிறகு வெளிறிய சாம்பல் நிறத்துக்குத் திரும்பும்போது எடுத்துவிடலாம். ஒரு தாளைச் சின்னச் சின்னக் கீற்றுகளாக வெட்டி, ஒவ்வொன்றையும் வெவ்வேறு நேரம் வைத்துப் பார்த்தால் உங்கள் வெயிலின் கணக்கு உங்களுக்கே தெரிந்துவிடும்.

இரண்டு எச்சரிக்கை. கையுறை போட்டுக்கொள்ளுங்கள், சமையல் பாத்திரங்களை இதற்குப் பயன்படுத்த வேண்டாம். ஃபெரிசயனைடு பக்கத்தில் வலுவான அமிலத்தைக் கொண்டுவரவே கூடாது, நச்சு வாயு வரக்கூடும். குழந்தைகளோடு செய்வதாக இருந்தால் ஏற்கெனவே பூசிய தாளாகவே வாங்கிக்கொள்ளுங்கள். அதில் மகிழ்ச்சி குறைவதில்லை.

நீலம் பிடிக்கவில்லையா? சலவை சோடா கரைத்த தண்ணீரில் போட்டால் நீலம் வெளுக்கும், அப்புறம் தேயிலைச் சாற்றில் ஊறவைத்தால் கரும்பழுப்பாகும். எனக்கு நீலமே போதும். இன்னொரு அதிசயம்: நெடுநாள் வெளிச்சம் பட்டு மங்கிப்போன சயனோடைப்பை இருட்டில் வைத்தால் பெரும்பாலும் நிறம் மீண்டு வரும். இந்த ஒரு குணத்துக்காகவே இதை நேசிக்கலாம்.

பழைய டைப்ரைட்டர் வாங்க ஆசை. எதைப் பார்த்து வாங்குவது?

எல்லா விசையையும் ஒவ்வொன்றாக அழுத்திப் பாருங்கள். ஒவ்வொரு அழுத்தத்துக்கும் மேலே தாளைத் தாங்கி நகரும் வண்டி ஓர் எழுத்து அகலம் நகர வேண்டும். விசை மெதுவாக எழுந்து, மெதுவாக விழுந்தால் பயப்பட வேண்டாம். பெரும்பாலும் பழைய எண்ணெய் பிசினாக இறுகியிருக்கும். எழுத்துத் தண்டுகள் வந்து சேரும் அரைவட்டப் பள்ளத்தைக் கரைப்பானால் சுத்தம் செய்தால் சரியாகிவிடும். அங்கே மறுபடி எண்ணெய் விடாதீர்கள், தூசி ஒட்டிப் பழைய நிலைக்கே திரும்பும். வண்டியை இழுக்கும் நாடா அறுந்திருந்தால் மாற்றலாம். உடைந்த வார்ப்பு இரும்பும் துருவேறிய உட்பகுதியும் இருந்தால் விட்டுவிடுங்கள். தாள் சுற்றும் ரப்பர் உருளை கல்லாகியிருந்தால் அடியில் இன்னொரு தாள் வைத்து அடித்துச் சமாளிக்கலாம். மை நாடா பல மாடல்களுக்கு ஒரே அகலம்தான், அரை அங்குலம். இன்றும் புதிதாகச் செய்கிறார்கள்.

1 என்ற விசை இல்லையே என்று இயந்திரத்தைத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். பல ஆங்கில டைப்ரைட்டர்களில் அது கிடையாது. சிறிய ‘எல்’ எழுத்தையே ஒன்றாக அடித்தார்கள். ஆச்சரியக்குறியும் பலவற்றில் இல்லை: ஒற்றை மேற்கோள் குறி அடித்து, ஓர் இடம் பின்னால் வந்து, அடியில் புள்ளி வைப்பார்கள். ஒரு வியப்புக்கு மூன்று தட்டு. கண்டபடி வியக்காமல் இருக்க நல்ல வழி என்று நினைக்கிறேன்.

பழைய பிளாஸ்டிக் மஞ்சளாகிவிட்டது. வெளுக்க வைக்கலாமா?

முடியும். ஏபிஎஸ் பிளாஸ்டிக்கில் ஹைட்ரஜன் பெராக்சைடு பூசி, புற ஊதா வெளிச்சத்தில் வைத்தால் மஞ்சள் போகும். ஆனால் பூச்சு சீராக இல்லாவிட்டால் திட்டுத்திட்டாக நிற்கும். அடர்த்தியான பெராக்சைடு தோலையும் கண்ணையும் பொசுக்கிவிடும். இத்தனைக்கும் பிறகு சில ஆண்டுகளில் மஞ்சள் திரும்பவும் வரலாம். பெட்டி வெடித்து நொறுங்காமல் இருக்கிறது என்றால் மஞ்சளோடே விட்டுவிடுங்கள் என்பேன்.

மின்கலம் கசிந்திருந்தால் மட்டும் தள்ளிப்போடாதீர்கள். அல்கலைன் மின்கலத்திலிருந்து வெளிவருவது காரம். பஞ்சில் கொஞ்சம் வினிகர் தொட்டுத் துடைத்து, அப்புறம் ஈரம் போகும்வரை உலர்த்துங்கள். அலமாரியில் வைக்கும் எந்தக் கருவியிலும் மின்கலத்தை விட்டுவைக்காதீர்கள்.

இசைத்தட்டிலும் கேசட்டிலும் இசை உண்மையிலேயே நன்றாகக் கேட்கிறதா?

அளந்து பார்த்தால் சிடிதான் ஜெயிக்கும். இரைச்சல் குறைவு, மென்மைக்கும் உரப்புக்கும் இடையே உள்ள தூரம் அதிகம். கொலம்பியா 1948-இல் கொண்டுவந்த எல்பி இசைத்தட்டு நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுற்றும். ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ இருபது நிமிடம் இசை. அப்புறம் எழுந்து போய்த் திருப்பிப் போட வேண்டும். எனக்கு அதில் பிடித்தது இந்த இருபது நிமிடம்தான். நடுவில் தாவ மனம் வராது. பாடல்களை எந்த வரிசையில் வைப்பது என்று இசைக்கலைஞர்கள் பார்த்துப் பார்த்து அடுக்கியதும் அந்த எல்லைக்குள்தான்.

கேசட்டை ஃபிலிப்ஸ் நிறுவனம் 1963-இல் வெளியிட்டது. லூ ஒட்டன்ஸ் தலைமையில் உருவானது. பழைய கேசட் பிளேயர் ஓடவில்லை என்றால் முதலில் உள்ளே இருக்கும் ரப்பர் பெல்ட்டைப் பாருங்கள். இளகிக் கறுப்புப் பிசினாகியிருக்கும். பெரும்பாலும் அது ஒன்றை மாற்றினாலே ஓடிவிடும்.

இணையத்தில் வினோதமாக, ஆற அமரப் பார்க்கும்படி என்ன இருக்கிறது?

எனக்கு மிகவும் பிடித்ததை முதலில் சொல்கிறேன். அமெரிக்க வேளாண்மைத் துறையின் பழ நீர்வண்ண ஓவியத் தொகுப்பு. 7,500-க்கும் மேற்பட்ட ஓவியங்கள். 1886-இல் தொடங்கி 1942 வரை வரையப்பட்டவை. வண்ணப் புகைப்படம் கைக்கு வராத காலத்தில், ஒரு ரக ஆப்பிளுக்கும் இன்னொரு ரகத்துக்கும் வித்தியாசம் காட்ட ஓவியர்களை வேலைக்கு வைத்தார்கள். முழுப் பழம், அதன் அருகில் குறுக்கே வெட்டிய பழம், கீழே கையெழுத்தில் பெயர். அழகான பழங்கள் மட்டும் இல்லை. பூச்சி அரித்தது, அழுகத் தொடங்கியது, கிடங்கில் சுருங்கியது எல்லாவற்றையும் அதே பொறுமையோடு வரைந்திருக்கிறார்கள். அழுகலின் ஓரத்தில் நிறம் மாறுகிற இடத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். அரை மணி நேரம் போனதே தெரியாது.

அடுத்தது நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகம் நடத்தும் வெப்எஸ்டிஆர். அங்கே உள்ள ஓர் ஆன்டெனாவும் வானொலிப் பெட்டியும் உங்கள் உலாவியில் திறக்கும். சிற்றலை முழுவதும் நீர்வீழ்ச்சி போல நிறங்களாக ஓடும். ஒரு கோட்டின் மேல் சுட்டியை வைத்தால் அந்த ஒலி கேட்கும். அமெச்சூர் வானொலிக்காரர்களின் உரையாடல், மோர்ஸ் தட்டல், எங்கிருந்தோ வரும் பாட்டு. பல பேர் ஒரே நேரத்தில் ஆளுக்கொரு அலைவரிசையைக் கேட்கலாம். இரவில் கேளுங்கள், தொலைதூர நிலையங்கள் அப்போதுதான் கூடுதலாக எட்டும்.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணினி ஆய்வகத்தின் காப்பிக் குடுவை கதை பலருக்குத் தெரிந்திருக்கும். குடுவையில் காப்பி இருக்கிறதா என்று மற்ற அறைகளில் இருப்பவர்கள் இருந்த இடத்திலிருந்தே பார்க்க 1991-இல் ஒரு கேமராவை வைத்தார்கள். சாம்பல் நிறத்தில் 128-க்கு 128 புள்ளிப் படம். 1993-இல் அது உலகளாவிய வலைக்கு வந்து, உலகின் முதல் வெப்கேமாகப் புகழ் பெற்றது. 2001-இல் நிறுத்தினார்கள். குடுவையை டெர் ஷ்பீகல் என்ற ஜெர்மன் இதழின் இணையப் பிரிவு ஏலத்தில் எடுத்தது.

முப்பரிமாண வரைகலை உலகின் தேநீர்க் கெண்டியும் அதே ஜாதிதான். யூட்டா பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் நியூவெல் 1975-இல் ஒரு சாதாரணக் கெண்டியின் வளைவுகளை எண்களாக்கினார். அதன் பிறகு எண்ணற்ற மென்பொருள்கள் அந்தக் கெண்டியை வரைந்துதான் தங்களைச் சோதித்துக்கொண்டன. அசல் கெண்டி இன்று கலிபோர்னியாவில் உள்ள கணினி வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. திரையில் தெரியும் கெண்டியைவிட அசல் கொஞ்சம் உயரம்.

இவையெல்லாம் என்றைக்கும் இருக்குமா?

இருக்காது. இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஜியோசிட்டீஸ் 1994-இல் தொடங்கியது. லட்சக்கணக்கானவர்கள் அங்கே தங்கள் முதல் இணையப் பக்கத்தை உருவாக்கினார்கள்: பூனைப் படங்கள், ரசிகர் பக்கங்கள், இறந்துபோன உறவினருக்கான நினைவுப் பக்கங்கள். 1999-இல் யாஹூ வாங்கியது. 2009-இல் மூடியது. ஆர்க்கைவ் டீம் என்ற தன்னார்வலர்கள் இரவு பகலாக இறக்கிச் சேமித்ததால் ஒரு பெரிய பகுதி பிழைத்தது. உலாவியில் அசைபடங்களையும் விளையாட்டுகளையும் ஓட்டிய ஃபிளாஷ் தொழில்நுட்பத்துக்கான ஆதரவு 2020 டிசம்பர் 31-உடன் முடிந்தபோது ஆயிரக்கணக்கான குட்டி விளையாட்டுகளும் அசைபடங்களும் இதே நிலைக்கு வந்தன. ரஃபிள் என்ற இலவச மென்பொருளால் அவற்றில் பல மறுபடி உலாவியில் ஓடுகின்றன.

அதனால் பிடித்த பக்கம் கண்ணில் பட்டால் அன்றைக்கே காப்பாற்றுங்கள். புரூஸ்டர் கேல் 1996-இல் தொடங்கிய இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் முகவரியைக் கொடுத்து அந்தப் பக்கத்தைச் சேமிக்கச் சொல்லலாம். கணக்குகூடத் தேவையில்லை. இறந்துபோன இணைப்பு வந்தாலும் அதே இடத்தில் முகவரியைப் போட்டுப் பாருங்கள், பழைய பிரதி கிடைக்க வாய்ப்பிருக்கிறது.

உலகின் முதல் இணையதளமே இப்படி மீட்கப்பட்டதுதான். 2013-இல் அது பிறந்த செர்ன் இயற்பியல் ஆய்வகம் அதை அதன் பழைய முகவரியிலேயே மீண்டும் வைத்தது. எழுத்து மட்டும், நீல இணைப்புகள் மட்டும். நொடியில் திறக்கும்.

பழைய படங்களை என் வேலைக்குப் பயன்படுத்தலாமா?

பழசு என்பதாலேயே இலவசம் ஆகிவிடாது. பதிப்புரிமைக் காலம் நாட்டுக்கு நாடு மாறும். படத்தை வைத்திருக்கும் நிறுவனம் என்ன சொல்லியிருக்கிறது என்று அந்தந்தப் படத்தின் பக்கத்திலேயே பாருங்கள். நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் கலை அருங்காட்சியகம் 2017-இல் சுமார் 3,75,000 படங்களையும், அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியக நிறுவனம் 2020-இல் சுமார் 28 லட்சம் படங்களையும் யாரும் எதற்கும் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டன. இந்த இரண்டே ஓர் ஆயுளுக்குக் காணும்.

சமூக ஊடகத்தில் வரும் ‘அரிய பழைய படம்’ நிஜமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

படத்தை வைத்தே தேடும் வசதியில் போட்டு, முதன்முதலில் எங்கே வந்தது என்று பாருங்கள். ஓர் ஆவணக்காப்பகமோ நூலகமோ பதிவு எண்ணோடு வைத்திருந்தால் நம்பலாம். மூலம் எங்கும் இல்லை, பகிர்வு மட்டும்தான் இருக்கிறது என்றால் பகிராமல் விடுவதே நல்லது. இப்போது செயற்கை நுண்ணறிவு செய்யும் ‘பழைய’ படங்கள் அசல் ஆவணங்களையே சந்தேகப்பட வைக்கின்றன. அது எனக்கு நிஜமாகவே வருத்தம்.

பழைய பாணியில் சொந்தமாக ஓர் இணையப் பக்கம் செய்ய முடியுமா?

முடியும், அவசியம் செய்யுங்கள். 2013-இல் தொடங்கிய நியோசிட்டீஸ் இதற்காகவே இலவச இடம் தருகிறது. இணையப் பக்கம் எழுதும் மொழியான எச்டிஎம்எல்லின் அடிப்படைகளை ஓரிரு மாலையில் கற்றுக்கொள்ளலாம். ஓடு பதித்த பின்னணி, 88-க்கு 31 புள்ளியில் சின்னப் பொத்தான்கள், நண்பர்களின் பக்கங்களை ஒன்றோடொன்று கோக்கும் வெப்ரிங். அந்தப் பொத்தானை நீங்களே வரையுங்கள். மேலே சொன்ன பிக்சல் பயிற்சி இங்கே கைகொடுக்கும்.

ஒன்றில் மட்டும் பழைய காலத்தைப் பின்பற்ற வேண்டாம். மின்னும் எழுத்தும் கண்ணைக் கூசவைக்கும் நிறச்சேர்க்கையும் படிப்பவரை வருத்தும். நொடிக்கு மூன்று தடவைக்கு மேல் பளிச்சிடும் எதுவும் சிலருக்கு வலிப்பைத் தூண்டலாம். பின்னணி எவ்வளவு ஆரவாரமாக இருந்தாலும் எழுத்துக்குக் கீழே ஒரே நிறத்தில் ஒரு பட்டை போட்டுவிடுங்கள், படங்களுக்கு விவரிப்பு எழுதுங்கள்.

சேர்த்துச் சேர்த்து வீடு நிறைந்துவிட்டது. என்ன செய்வது?

ஓடுகிறதை வைத்துக்கொள்ளுங்கள். என்றைக்காவது பழுது பார்ப்பேன் என்று வைத்திருப்பதில் ஒன்றை மட்டும் மேசைக்கு எடுங்கள், மற்றதைப் பழுது பார்க்கத் தெரிந்தவருக்குக் கொடுத்துவிடுங்கள். உங்கள் அலமாரியில் உதிரிப்பாகமாகக் கிடப்பது இன்னொருவர் இயந்திரத்தை ஓடவைக்கும். கொடுப்பதற்கு முன் மாடல் பெயர், வரிசை எண், என்ன பழுது, எதைத் திறந்தீர்கள் என்பதைத் துண்டுச்சீட்டில் எழுதி உள்ளே வையுங்கள். கையேட்டை ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றவும் மறக்காதீர்கள். அந்த மாடலுக்கு வேறு எங்கும் கையேடு கிடைக்காமல் இருக்கலாம்.